கருவாட்டுக்கு மேலே எட்டுப் பாட்டு

அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தி இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் கடைசியாக அவன் என்னிடம் கேட்டது, "என் நீலச் சட்டை காஞ்சிச்சா?" என்பது. காய்ந்துவிட்டது என்று எடுத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு மெட்ராஸுக்குப் பஸ் ஏறினான். ஒன்பது நாள் கழித்து அவன் திரும்பி வந்தபோது, அவன் பாடிய கேசட்டுகளில் இருந்த டேப்பையெல்லாம் நான் உருவி, கருவாட்டுக்கு மேலே காக்காய் வராமல் கட்டி வைத்திருந்தேன். அன்றோடு சரி.

அதற்காக அவன் என்னைத் தள்ளி வைத்துவிட்டான் என்று ஊரில் ஒருத்தரும் சொல்ல முடியாது. என் மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீரை முறையாகக் கொண்டுவந்து இறக்கினான். ஒரு தட்டு குறையவில்லை. என் புருஷன் செத்தபோது பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அவன்தான் எடுத்து வந்தான். என் தோளில் அதைப் போர்த்தும்போதுகூட முகத்தைப் பார்க்கவில்லை. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் நிற்பவர்களிடம், "அதுங்கிட்ட சொல்லு" என்பான். கூடப் பிறந்தவள் நான், அவனுக்கு 'அது'.

நானும் சும்மா இருக்கவில்லை. ஏலக்கடையில், ரேஷன் வரிசையில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் சொல்லித் தீர்த்தேன். "காக்கா ஓட்டுற கேசட்டுக்கோசரம் கூடப்பொறந்தவள வேணாம்னு சொல்ற ஆளு எங்கனா கீறானா?" கேட்டவர்கள் எல்லாரும் என் பக்கம்தான். அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட மாட்டானா என்று நான் கிடந்து தவித்ததை மட்டும் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

அண்ணனுக்குக் குரல் இருந்தது. இன்றைக்கு அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? ஆடி மாதம் அம்மன் திருவிழாவுக்குப் பொன்னேரியிலிருந்து மெல்லிசைக் குழு வரும். அதில் இவனும் மேடையேறுவான். மற்ற நாளில் நைனாவோடு கடலுக்குப் போக வேண்டும். போன நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம். அந்தச் சமயத்தில் சினிமாவில் வராத பாட்டாகவே ஏழெட்டுச் சேர்த்து, பாப் ஆல்பம் என்று கேசட் போடும் பித்து ஒன்று கிளம்பியிருந்தது. மெட்ராஸில் ஒரு சின்ன கேசட் கம்பெனி வைத்திருந்தவர் இவன் பாடுவதை எங்கேயோ கேட்டுவிட்டு, வா தம்பி, உன்னை வைத்தே ஒன்று போட்டுவிடலாம் என்றார். எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

எட்டுப் பாட்டு. அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டது. 'கலங்கரை லவ்' என்று பெயர் வைத்தார்கள். அட்டையில் பழவேற்காட்டு லைட் ஹவுஸ் பின்னால் நிற்கிறது. முன்னால் அண்ணன், யாரோ கொடுத்த ஜீன்ஸ் ஜாக்கெட்டும் கூலிங் கிளாஸுமாக, ஒரு காலை மணலில் வைத்து ஒரு காலைப் படகில் தூக்கி வைத்திருக்கிறான். அந்தப் படகும் எங்களுடையது இல்லை. சித்திரை வெயிலில் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்று, இரண்டு நாள் வேர்க்குருவில் சொறிந்துகொண்டு கிடந்தான். அம்மா சந்தனம் அரைத்துப் பூசினாள்.

கேசட் வந்தது. விற்கவில்லை. கம்பெனிக்காரர் கடையைக் கட்டினார். போகிற போக்கில் மிச்சமிருந்த கேசட்டுகளை ஆறு அட்டைப்பெட்டியில் போட்டு, இதுதான் தம்பி உன் பங்கு என்று மீன் ஏற்ற வரும் வண்டியில் அனுப்பிவிட்டார். எங்கள் வீடு ஒரே அறை. வலை வைக்கிற மூலையில் பெட்டிகள் ஏறிக்கொண்டன. வலை வாசலுக்குப் போய் மழையில் நனைந்தது. நைனா ஒவ்வொரு நாள் காலையும் அந்தப் பெட்டிகளைத் தாண்டிப் போகும்போது, துப்புவதற்கு ஒரு இடம் தேடுகிறவர் மாதிரிப் பார்ப்பார்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பக்கத்துக் குப்பத்திலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பிடித்திருக்கிறது என்றும் சொல்லியிருந்தார்கள். கேசட்டின் அட்டைப்படம் அவர்கள் கண்ணில் பட்டது. மாப்பிள்ளையின் அத்தைக்காரி மார்க்கெட்டில் வைத்து, நாலு பேர் கேட்க அம்மாவிடம் சொன்னாள்: "பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஆனா அண்ணங்காரன் கண்ணாடி மாட்டிக்கினு கூத்தாடிக்கினு கீறானே. நாளைக்கு இவன் குடும்பத்தத் தாங்குவான்னு எத்த நம்பி பொண்ணு எடுக்கறது?" அவ்வளவுதான், சம்பந்தம் நின்றுபோனது. அந்த மாப்பிள்ளையை நான் இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். அவன் வராமல் போனது பெரிதில்லை. மார்க்கெட்டில் நாலு பேர் கேட்க என் பெயர் அடிபட்டதே, அதுதான் என்னைச் சுட்டது.

அந்த வாரம் அண்ணன் டீக்கடையிலிருந்து டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்தான். எல்லாரையும் உட்கார வைத்தான். நான் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயில் தண்ணீர் வராத நேரம் என்று தெரிந்தும், குழாயடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். பாட்டு முடிந்திருக்கும் என்று தோன்றிய பிறகுதான் எழுந்து வந்தேன். அவன் பாட்டில் ஒரு வரிகூட என் காதில் விழக்கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம். இரண்டாவது பாட்டு பாதியில் போகும்போது நைனா, "இன்னாடா இது, பொட்டி ரிப்பேரா?" என்று கேட்டாராம். அம்மா சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகுதான் அந்த நெத்திலிக் காலம் வந்தது. அண்ணன் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போயிருந்தான். எதற்குப் போகிறான் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடலில் நெத்திலி கொட்டிக்கொண்டிருந்தது. கரைக்கு வந்ததில் பாதி விற்றது, பாதியை மணலில் பழைய வலை விரித்துக் காயப் போட்டோம். அம்மாவுக்குக் காய்ச்சல். நான் ஒருத்தி ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அந்தக் களம் முழுவதும் ஓட வேண்டும். இந்தப் பக்கம் ஓட்டினால் அந்தப் பக்கம் வந்து உட்காரும். காக்காய்க்கு மனுஷனைப் பற்றித் தெரிந்த அளவுக்கு மனுஷனுக்குக் காக்காயைப் பற்றித் தெரியாது. இரண்டு நாளில் தொண்டை கட்டி, கால் வெந்து, அழுதுவிட்டேன்.

யோசனை எங்கிருந்து வந்தது என்றால், அனுப்பம்பட்டுப் பக்கத்து வயல்களில் இருந்து. அறுவடை சமயத்தில் நாங்கள் கருவாட்டுக் கூடையோடு அந்தப் பக்கம் போவோம். கருவாட்டைப் போட்டு நெல் வாங்கி வருவோம். அங்கே கதிர் முற்றும் வயல்களில் பழைய கேசட் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருப்பார்கள். வெயிலில் பளபளக்கும், காற்றில் கத்தும், குருவி ஒன்று கிட்ட வராது. எங்கள் வீட்டில் ஆறு பெட்டி டேப் சும்மாக் கிடந்தது.

முதல் கேசட்டை எடுத்து விரலை விட்டு இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. உள்ளங்கை அளவு டப்பாவுக்குள் அவ்வளவு நீளம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு சவுக்குக் கம்பை நட்டு, நடுவில் டேப்பை ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்ட வேண்டும். முறுக்கு இல்லாவிட்டால் சத்தம் வராது. கட்டி முடித்ததும் கடல்காற்று வந்து பட்டது, 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் எழும்பியது. நான்கு காக்காய் எழுந்து போனது, திரும்பி வரவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அம்மா போர்வையோடு வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, "நல்ல யோசனடி" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசில்லை.

அதற்குப் பிறகு குப்பமே வந்து நின்றது. எனக்கு ரெண்டு குடு, எனக்கு நாலு குடு என்று. கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுக்கிற மாதிரி அள்ளி அள்ளிக் கொடுத்தேன். நாலு நாளில் கரை நெடுக டேப்தான். பகல் முழுக்க அண்ணனின் எட்டுப் பாட்டும் எங்கள் தலைக்கு மேலே ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தன. ஒரு சொல் யாருக்கும் கேட்காது. நெல்லுக்காகக் கூடை தூக்கிப் போனபோதும் மிச்சமிருந்த கேசட்டில் கொஞ்சம் உருவாமலே கொண்டுபோய், கருவாடு வாங்கிய வீடுகளுக்குக் கொசுறாகப் போட்டுவிட்டு வந்தேன்.

அண்ணன் வந்தது ஒரு மத்தியானம். ரோட்டிலிருந்து இறங்கும்போதே அவனுக்குச் சத்தம் கேட்டிருக்கும். வந்து கம்புக்கு அருகில் நின்றான். டேப்பை இரண்டு விரலில் பிடித்துப் பார்த்தான். மணலில் குவித்து வைத்திருந்த காலி கேசட்டுகளைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்து நானும் இடுப்பில் கையை வைத்துத் தயாராகத்தான் நின்றேன். அவன் கத்தவில்லை. உட்கார்ந்து, ஒரு காலி கேசட்டை எடுத்து, ஒரு கம்பிலிருந்து டேப்பை அவிழ்த்து, சட்டைப்பையில் இருந்த பென்சிலைச் சக்கரத்தில் விட்டுச் சுற்ற ஆரம்பித்தான். டேப் உப்பில் சுருங்கி, முறுக்கேறி, செதில் ஒட்டிக் கிடந்தது. நாலு சுற்றுக்கு ஒரு தடவை அறுந்தது. அறுந்த இடத்தை நகத்தால் நீவி மறுபடி சுற்றினான்.

எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாவமாக இருந்ததா, எரிச்சலா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். "இன்னாத்துக்கு இப்புடி உக்காந்துக்கினு கீற? உன் பாட்டு காக்காவயாச்சும் ஓட்டுதேனு சந்தோசப்படு." அம்மா சிரித்தாள். பக்கத்துக் களத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

அவன் பென்சிலை மணலில் வைத்தான். அம்மா, "சோறு போடட்டா?" என்றாள். "வேணாம்" என்று அவளிடம் சொன்னான். உள்ளே போய் நாலு துணியைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டான். மெட்ராஸில் ஒரு கடைக்காரர் ஒரு பெட்டி கேசட் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதாகவும், அதை எடுத்துப் போகத்தான் வந்தான் என்றும் பிறகு ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அது நிஜமா பொய்யா எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் போகவும் இல்லை.

அன்றைக்கு என்னை ஒரு அறை அறைந்திருந்தால் இரண்டு நாளில் தீர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் எல்லாம் தீரும். அவன் அதைச் செய்யவில்லை. பழவேற்காடு ஏரிக்கு அந்தக் கரையில் சுண்ணாம்புக்குளத்தில் கல்யாணம் கட்டி, மாமனாரின் ஐஸ் கடையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். அதற்குப் பிறகு எந்தத் திருவிழாவிலும் மேடை ஏறவில்லை. அம்மா செத்தபோது தலைமாட்டில் நின்று ஒரு பாட்டுப் பாடு என்று பெரியவர்கள் கேட்டார்கள். தலையை ஆட்டி மறுத்துவிட்டான். அதையும் என் கணக்கில்தான் எழுதிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மகள் பொன்னேரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். வீட்டில் இருந்த நாள் அது. செல்போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "ம்மா, இது மாமாதான?"

லைட் ஹவுஸ். ஜாக்கெட். கூலிங் கிளாஸ். யாருடையதோ படகு.

எட்டுப் பாட்டையும் யாரோ ஏற்றியிருக்கிறார்கள். கேட்டவர்கள் எண்ணிக்கை லட்சத்தில் இருக்கிறது என்று மகள் சொன்னாள். கீழே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். இப்படி ஒரு குரலை எப்படி விட்டோம் என்று ஒருவர். முப்பது வருஷம் முன்னாலேயே பிறந்துவிட்ட பாட்டு என்று ஒருவர். இந்த மகாகலைஞன் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா, யாராவது சொல்லுங்கள், என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை என்று ஒரு பெண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அன்றைக்கு ஆளுக்கு ஒரு கேசட் வாங்கியிருந்தால் அவன் ஏன் ஐஸ் உடைக்கிறான்? விலை கொடுக்க வேண்டியிருந்தபோது ஒருத்தருக்கும் காது இல்லை. இப்போது இனாமாகக் கிடைக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. இதையெல்லாம் மகளிடம் சத்தம் போட்டுச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நீ கேட்டிருக்கியாம்மா?" என்றாள். அடுப்பில் குழம்பு இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு, அவளுடைய பழைய போனில் போட்டுக்கொண்டு இறால் உரிக்க உட்கார்ந்தேன். முதல் பாட்டு மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியில் வரும் ஒரு பெண்ணைப் பற்றி. சிக்னல் விழுந்தால் சிரிப்பாளாம், ரயில் நகர்ந்தால் முறைப்பாளாம். இரண்டாவது மோட்டார் பைக்கைப் பற்றி, சைக்கிள்கூட இல்லாதவன். மூன்றாவதில் 'பேபி, பேபி' என்று பதினைந்து தடவை வருகிறது, எண்ணினேன். நைனா கேட்டதில் தப்பே இல்லை என்று எனக்கு ஒரு திருப்திகூட வந்தது.

நாலாவது பாட்டு வேறு மாதிரி. ஏரியில் மழை பெய்கிறது. ஒருத்தன் படகில் தனியாக உட்கார்ந்து, யாருக்கோ காத்திருக்கிறான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. வாத்தியமும் ஒன்றோ இரண்டோதான். ஓர் இடத்தில் குரல் மேலே போக வேண்டும். அதற்கு முன்னால் அவன் மூச்சு இழுப்பது தெளிவாகக் கேட்கிறது. அந்த மூச்சை எனக்குத் தெரியும். படகைக் கரையேற்றத் தோள் கொடுப்பதற்கு முன்னால் அவன் இழுக்கும் மூச்சு அது. இருபத்துநாலு வயது அண்ணன் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. இறால் கொம்பு விரலில் ஏறியதை, சட்டியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கையைக் கழுவாமல் அந்தப் பாட்டை ஆறு தடவை போட்டேன். போன் முழுக்க நாற்றம்; மகள் வந்து திட்டினாள்.

எட்டையும் கேட்டேன். என்னைப் பற்றி ஏதாவது வருகிறதா என்று தேடினேன் என்பதை மறைப்பானேன்? வரவில்லை. அம்மா இல்லை, நைனா இல்லை, குப்பத்தில் ஒரு நாய்கூட இல்லை. எங்களை விட்டு எங்கேயோ போய்விட வேண்டும் என்றே எட்டுப் பாட்டையும் பாடியிருக்கிறான். அதற்கும் கோபம் வந்தது. முப்பது வருஷம் கழித்துக் கேட்டுவிட்டு, என்னைப் பற்றி ஏன் பாடவில்லை என்று கோபப்படுகிற ஜன்மம் நான்.

பாட்டுக்குப் பின்னால் எல்லாவற்றிலும் மெல்லிசாக ஒரு இரைச்சல் இருக்கிறது. கடல்காற்றையே ஒரு வாத்தியமாகச் சேர்த்திருக்கிறார், என்ன ஞானம் என்று ஒரு படித்த மனுஷர் நீளமாக எழுதியிருந்தார். மழை ஒழுகும் கூரைக்குக் கீழே ஆறு மாதம் கிடந்த பெட்டி. உப்புக்காற்றில் டேப் கெட்ட சத்தம் அது. ஞானமாம்.

அப்புறம்தான் மகள், ஏற்றிய ஆள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். அனுப்பம்பட்டுப் பக்கத்து விவசாயியின் மகன். அவர் எழுதியது இதுதான்: அவர்கள் வீட்டுக்கு அறுவடை நேரத்தில் ஒரு கருவாட்டுக்கார அம்மா வருவார். வயலில் கட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு தடவை இந்தக் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். டேப்பை உருவுவதற்கு முன்னால், என்னதான் இருக்கிறது என்று அப்பா ஒரு தடவை போட்டுக் கேட்டார். கேட்ட பிறகு உருவ மனசு வரவில்லை. பீரோவில் துணிக்கு நடுவே வைத்திருந்தார். அப்பா போன பிறகு பீரோவை ஒழித்தபோது கிடைத்தது. அந்தக் கருவாட்டுக்கார அம்மா எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அதற்குக் கீழே அந்த அம்மாவை வாழ்த்தி நூறு பேர். தெய்வம் என்று ஒருவர்.

இருபத்தொரு வயசுப் பெண்ணை அம்மா என்கிறானே என்ற எரிச்சல் போனதும், எனக்குள் ஒன்று துள்ளிக் குதித்தது. ஊரில் மற்ற எல்லா டேப்பும் வெயிலிலும் மழையிலும் மக்கிப்போனது. பிழைத்தது இது ஒன்றுதான். அதைக் கொடுத்தவள் நான். நான் கொசுறு போட்டிராவிட்டால் இன்றைக்கு எந்த லட்சம் பேர் கேட்டிருப்பார்கள்? இதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் பேசித்தான் ஆக வேண்டும். வாதத்தில் எனக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. இருபத்தொன்பது வருஷமாக நான் தேடியது அந்தப் பிடியைத்தான்.

மகளை வரவேண்டாம் என்றேன். ஒரு கிலோ நல்ல இறாலை டப்பாவில் போட்டுக்கொண்டு பொன்னேரி போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி போய், இன்னொரு பஸ் மாறி சுண்ணாம்புக்குளத்தில் இறங்கினேன். வழி நெடுக சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

அண்ணன் கடை வாசலில் ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான், உள்ளே பார்த்து அண்ணியிடம், "யாரு வந்துகீறாங்க பாரு" என்றான். அண்ணி ஓடி வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இறாலை வாங்கிக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் போனை எடுத்து நாலாவது பாட்டைப் போட்டேன்.

அவன் திரும்பவில்லை. அண்ணிதான் மெதுவாகச் சொன்னாள். "அவருக்குத் தெரியும். மூணு மாசம் முன்னயே பையன் காட்டிட்டான். கீழ எழுதிக்கீறத எல்லாம் அவரே படிச்சாரு. கண்ணாடி மாட்டிக்கினு, ஒண்ணு உடாம."

மூன்று மாதமாக. சந்தோஷப்படுவான் என்று நான் கொண்டுபோனது அவனுக்குப் பழைய செய்தி. ஆனாலும் என் பிடி இருந்தது. எழுந்து அவன் முன்னால் போய் நின்றேன். "அப்ப அந்த விவசாயி வூட்டுப் புள்ள எழுதனதயும் படிச்சிருப்ப. அந்தக் கருவாட்டுக்காரி நான்தாண்ணா. நான் குடுத்த ஒரு கேசட்டாலதான் இன்னிக்கு உன் பாட்டு உசுரோட கீது. எல்லாத்தயும் நான்தான் கெடுத்தேன்னு நெனச்சிக்கினு இருந்தியே. காப்பாத்தனதும் நான்தான்."

சாக்கு முடிச்சை இறுக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். என் புருஷன் சாவில் பார்க்காத முகத்தை, என் மகள் சடங்கில் பார்க்காத முகத்தை, நேராகப் பார்த்தான்.

"அந்த ஆளு கட்றதுக்கு முன்ன ஒரு தபா போட்டுக் கேட்டிருக்கான்," என்றான். "நீ கேட்டியா?"

குரல் கரகரத்திருந்தது. ஆனாலும் அதே குரல்தான். என்னிடம்தான் கேட்டான், அண்ணியிடம் இல்லை. நான் பொய் சொல்லியிருக்கலாம். கேட்டேன், நல்லா இல்லை, அதனால் கட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். குழாயடியில் உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியாதா என்ன?

"இல்லண்ணா."

"கேட்டுட்டு, இது நல்லால்ல, காக்கா ஓட்டத்தான் ஆவும்னு நீ கட்டியிருந்தா, அன்னிக்கே சோறு போடச் சொல்லித் துன்னுட்டுப் போயிருப்பேன். நல்லால்லனு சொன்னவங்க எத்தினியோ பேரு. அவங்க வூட்டுக்கெல்லாம் நான் போய்க்கினுதான் கீறேன்."

அண்ணி டீ டம்ளரோடு கதவோரம் நின்றுவிட்டாள்.

"இப்ப கேட்டேண்ணா," என்றேன். "எட்டயும் கேட்டேன். அந்த நாலாவது..."

"இப்ப ஊரே கேக்குது," என்றான்.

அவ்வளவுதான். ஐஸைத் தோளில் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனான். அண்ணி கொடுத்த டீயைக் குடித்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இரு, அவர் வரட்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். பஸ் வரும்வரை என்னோடு ரோட்டில் வந்து நின்றாள்.

இருபத்தொன்பது வருஷமாக, அண்ணன் என்னோடு பேசவில்லை, காரணம் இல்லாமல் பேசவில்லை என்று கண்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைச் சொல்லும்போது ஒரு தெம்பு இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி எந்த ஊர், எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டாள். அண்ணன் வீட்டுக்கு என்றேன். நல்லா இருக்காரா, நல்லா பேசினாரா என்றாள்.

பேசினான் என்றேன்.